தரையில் பூ எவ்வளவு ஆழம்?

நந்தனம் 1950களில் சென்னை நகர மேம்பாட்டு அறக்கட்டளை மனை பிரித்து வளர்த்த பகுதி. அந்த அறக்கட்டளையின் வேலைகளை 1961இல் உருவான தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் ஏற்றுக்கொண்டது. வாரியத்தின் தலைமையகமும் பல பத்தாண்டுகள் இங்கே அண்ணா சாலையில்தான் இயங்கியது. அதனால் சென்னையின் நடுத்தரக் குடும்பங்கள் கடந்த எழுபது ஆண்டுகளில் எந்தெந்தத் தரைகளில் நடந்தன என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. பழைய தனி வீடுகளில் சிவப்பு ஆக்சைடு, அடுத்து வந்த அடுக்ககங்களில் மொசைக், அதற்கும் பின் பளபளக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ். இப்போது பழைய மொசைக்கைப் பெயர்க்க மனமோ பணமோ இல்லாதவர்கள் அதன் மேலேயே இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தடிமனில் தேக்குமர வரி போட்ட வினைல் பலகைகளை ஒட்டிக்கொள்கிறார்கள். மூன்றே நாளில் வீடு புதிதாகிவிடுகிறது. இந்த மலிவான பளபளப்புக்குப் பின்னால் நூறாண்டுப் பொறியியல் இருக்கிறது. வினைல் தரையை உருவாக்கிய பொறியாளர்கள் எதைக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால், புதிய அலங்காரத்தை என்றோ புதிய பிளாஸ்டிக்கை என்றோ விடை சொல்வது வழக்கம். இரண்டும் போதாது என்பது என் கருத்து. அதுவரை தரையின் அழகும் தேய்மானமும் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடந்தன. அந்தக் கட்டை அவிழ்த்ததே அவர்களின் கண்டுபிடிப்பு. வினைல் தரையின் வெற்றி, தோல்வி இரண்டுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

கட்டு எப்படி இருந்தது என்பதைப் பழைய தரைகளில் பார்க்கலாம். மொசைக் தரையில் சிமெண்டோடு சேர்த்த பளிங்குச் சில்லுகள்தான் அலங்காரம். காலடி படுவதும் அவற்றின் மீதே. கண்ணாடிப் பட்டை வைத்துக் கட்டம் பிரித்து, கலவையை விரித்து உருட்டி, இறுகியபின் கார்பரண்டம் கல்லால் தேய்த்துச் சில்லுகளின் முகத்தை வெளியே கொண்டுவருவார்கள். கடைசியில் ஆக்சாலிக் அமிலம் போட்டுப் பாலீஷ். அச்சில் வார்த்து வரும் மொசைக் ஓட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1237 வகுத்த மேலடுக்கும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அந்த ஐந்து மில்லிமீட்டர் ஆழத்துக்கும் பூ உண்டு. முப்பது ஆண்டு கழித்து மங்கினாலும் மறுபடி தேய்த்தால் அதே பூ கீழிருந்து வரும். காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடி ஓட்டின் செய்முறை வேறு, கணக்கு இதேதான். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு அறையிலும் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மெல்லத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவி, ஈரக் கலவையை இட்டு மட்டம் செய்து, நாள் கணக்கில் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே ஓட்டின் முகத்துக்கு வந்துவிடும். நிறம் சில மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். இத்தகைய தரைகளில் அழகு வேண்டுமானால் அதைத் தேய்மானத்துக்குத் தாங்கும் தடிமனில் செய்தாக வேண்டும். பூ பெருகினால் கைவேலையும் பெருகும், காசும் பெருகும்.

பூவை மெலிதாக்கினால் என்ன ஆகும் என்பதை 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருந்தது. ஃபிரெடரிக் வால்டன் ஆளிவிதை எண்ணெயைக் காற்றில் கெட்டியாக்கி, தக்கைத் தூளும் பிசினும் சேர்த்துச் சணல் துணியில் படியவைத்து, லினோலியத்துக்கு 1863இல் காப்புரிமை பெற்றார். அதன் முகத்தில் எண்ணெய்ச் சாயத்தால் பூ அச்சிடுவது எளிதாகவும் மலிவாகவும் இருந்தது. ஆனால் வாசற்படியிலும் அடுப்பின் முன்னும் பூ முதலில் மறைந்தது. வால்டனே பின்னாளில் நிறம் நிறமாக லினோலியத்தை வெட்டி இழைத்து அடி வரை நிறம் ஓடும் ‘இன்லேய்டு’ வகைக்கு எந்திரம் செய்தார். அதாவது, மெலிந்த பூ தாங்காது என்று கண்டதும் பொறியாளர் மறுபடி ஆழமான பூவுக்குத் திரும்பினார். மூன்றாவது வழி அன்று இல்லை. பூவை மெலிதாக வைத்து, கால் படாதபடி மூடிக் காக்க ஒரு கவசம் வேண்டும். கண்ணாடி போல் தெளிவாகவும், தோல் போல் வளைவதாகவும், தேய்ந்தாலும் மங்காததாகவும் அது இருக்க வேண்டும். அப்படியொரு பொருளே அப்போது கிடையாது.

அந்தப் பொருள் 1926இல் வந்தது. அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பி.எஃப். குட்ரிச் ரப்பர் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டோ செமன், பயனற்ற விறைத்த பொடியாகக் கருதப்பட்ட பாலிவினைல் குளோரைடை (பி.வி.சி., சுருக்கமாக வினைல்) அதிகக் கொதிநிலை கொண்ட கரைப்பான்களோடு சூடாக்கினார். குளிர்ந்தபின் அது ரப்பர் போல் வளைந்தது. இன்று பிளாஸ்டிசைசர் என்று நாம் சொல்வது இதன் வழிவந்தது. செமன் தரையை நினைத்து இதைச் செய்யவில்லை. வினைல் தரைக்கு வந்தபோதும் முதல் தலைமுறைப் பொறியாளர்கள் பழைய வழியிலேயே யோசித்தார்கள். 1933 சிக்காகோ உலகக் கண்காட்சியில் வினைல் ஓடுகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. போருக்குப் பின் வினைல்-ஆஸ்பெஸ்டாஸ் ஓடு அமெரிக்கப் பள்ளிகளையும் அலுவலகங்களையும் நிறைத்தது. பிசின், சுண்ணாம்புக்கல் தூள், ஆஸ்பெஸ்டாஸ் நார் எல்லாவற்றையும் சூட்டில் பிசைந்து, உருளைகளுக்கிடையே விட்டுத் தகடாக்கினார்கள். வேறு நிறச் சில்லுகளை ஓடும் தகட்டின் மேல் தூவி அடுத்த உருளையில் நசுக்கினால், உருளை ஓடிய திசையில் சில்லுகள் இழுபட்டுப் பளிங்கு ரேகை போல் நீளும். அந்த ஓடுகளை ஒன்றுவிட்டு ஒன்று திருப்பி ஒட்டும் வழக்கம், இந்த இழுபட்ட ரேகை கண்ணை உறுத்தாமலிருக்கத்தான். இங்கே வினைலின் பூ மொசைக்கின் பூவைப் போலவே ஆழமானது. பொருள் புதிது, கருத்து பழையது. இந்தியாவிலும் இந்த வகைக்கு ஐ.எஸ். 3461 என்ற தர நிர்ணயம் எழுதப்பட்டது.

திருப்பம் தெளிந்த வினைல் படலத்தில் வந்தது. நாரும் தூளும் சேர்க்காத பி.வி.சி. கண்ணாடி போல் தெளிவானது என்பதைப் பயன்படுத்தி, அடியில் ஒரு தாங்கி, அதன் மேல் அச்சிட்ட பூ, பூவின் மேல் தெளிந்த படலம் என்று தரையை அடுக்கடுக்காகப் பிரித்தார்கள். செதுக்கிய உருளையால் பத்திரிகைப் படங்களை அச்சிடும் கிராவ்யூர் முறை தரைக்கு வந்து சேர்ந்தது. மையின் தடிமன் இப்போது மில்லிமீட்டரில் அல்ல, அதன் ஆயிரத்தில் சில பங்கில். பூவைத் தொடும் கால் இனி இல்லை. தேய்வது மேலே இருக்கும் படலம் மட்டுமே. அது தீரும்வரை முதல் நாள் பூவும் பத்தாம் ஆண்டுப் பூவும் ஒன்றே. ஓவியருக்கும் இது விடுதலை. ஆயிரம் நிறப் புள்ளி உள்ள படத்துக்கும் ஒற்றை நிறத்துக்கும் அச்சுச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லாமல் போனது. கூடவே ஒரு குறையும் வந்தது. செங்கல்லும் இடைக்கோடும் அச்சிட்டால் கண்ணுக்குக் கோடு தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் முழுத்தரையும் ஒரே வழவழப்பு. சூடான தகட்டில் மேடுபள்ளம் செதுக்கிய உருளையை அழுத்திப் பார்த்தார்கள். சூட்டில் தகடு நீளும், குளிரில் சுருங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் இருபது சுற்றில் இரண்டு சென்டிமீட்டர். பள்ளம் கோட்டை விட்டு நகர்ந்து செங்கல்லின் நடு முதுகில் போய் உட்கார்ந்துவிடும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் கன்கோலியம்-நேர்ன் நிறுவனத்தின் ஆர். ஃபிராங்க் நேர்னும் அவருடைய சக ஆய்வாளர்களும். தரைத் தொழிலின் மிக நேர்த்தியான சிந்தனை இதுவே என்று நான் நினைக்கிறேன். விரிவாகப் பார்க்கத் தகுந்தது. அச்சுக்கு அடியில் இருக்கும் வினைல் அடுக்கில் அசோடைகார்பனமைடு என்ற மஞ்சள் பொடியைக் கலக்கிறார்கள். அது சூட்டில் சிதைந்து பெரும்பாலும் நைட்ரஜனாக வெளியேறும். ஒரு கிராமிலிருந்து 200 மில்லிலிட்டருக்கும் மேல் வாயு கிடைக்கும். அந்த வாயு இளகிய வினைலை நுரையாக ஊதிவிடும். தனியாக இருந்தால் இந்தப் பொடி சிதைய ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் தேவை. துத்தநாக ஆக்சைடு போன்றவை கூட இருந்தால் அதற்குப் பல டிகிரி முன்பாகவே சிதைந்துவிடும். நேர்ன் குழு செய்தது இதுதான்: பள்ளம் விழ வேண்டிய இடத்துக்கான மையில் மட்டும், ஃப்யூமாரிக் அமிலம் போல அந்தத் தூண்டுதலை முடக்கும் பொருளைக் கலந்தார்கள். மை உலர்ந்தபின் அது கீழே உள்ள அடுக்குக்குள் ஊறி இறங்குகிறது. பிறகு தெளிந்த படலத்தை மேலே பூசி, முழுத்தகட்டையும் உலையில் விடுகிறார்கள். சாதாரண மை இருக்கும் இடமெல்லாம் நுரைத்து எழும்புகிறது. மருந்து கலந்த மை இருக்கும் கோடு எழும்பாமல் பள்ளமாக நின்றுவிடுகிறது. இனி பூவும் பள்ளமும் நகர்ந்து பிரிய வழியில்லை. இரண்டையும் ஒரே மை எழுதுகிறது. தகடு நீண்டால் இரண்டும் சேர்ந்தே நீளும். உருளை, அழுத்தம், சீரமைப்பு என்று எந்திரவியலில் தேடிய விடையை வேதியியலுக்கு மாற்றி எழுதியதுதான் இதன் மேதைமை. 1966 டிசம்பர் 20 அன்று 3,293,094, 3,293,108 என்ற எண்களில் அமெரிக்கக் காப்புரிமைகள் கிடைத்தன.

இதில் புதிது என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நுரைக்கும் பொடி ஏற்கெனவே தெரிந்தது, தூண்டியும் தெரிந்தது, அச்சு நூற்றாண்டுப் பழையது. தெரிந்த மூன்றை ஒன்று சேர்த்ததற்குக் கண்டுபிடிப்பு என்று பெயரா? கேள்வி நியாயமானதே, நீதிமன்றம் வரை போனதும்கூட. தொழிலில் பெரிய போட்டியாளரான ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் இதே விளைவு தரும் தரையை விற்றபோது கன்கோலியம் வழக்குத் தொடுத்தது. பென்சில்வேனியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் 1973இல் காப்புரிமை செல்லும், அது மீறப்பட்டிருக்கிறது என்று தீர்ப்பளித்தது. 1975இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. 1976இல் ஆம்ஸ்ட்ராங் 3.5 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. தீர்ப்பைத் தாண்டியும் ஒரு வாதம் இருக்கிறது. மூன்று பொருளும் பல ஆண்டுகளாகத் தொழிற்சாலை அலமாரிகளில் இருந்தும், பள்ளமும் பூவும் பொருந்தாமல் பெரிய ஆய்வகங்கள் திணறிக்கொண்டிருந்தன. எளிதில் தோன்றக்கூடியதாக இருந்தால், அத்தனை பணமும் ஆளும் உள்ள ஆம்ஸ்ட்ராங்குக்கே முதலில் தோன்றியிருக்க வேண்டும். இந்தக் கண்டுபிடிப்பு சாத்தியமானதும் பூ தேய்மானத்திலிருந்து ஏற்கெனவே விடுபட்டிருந்ததால்தான். கால் படும் முகத்திலேயே பூ இருந்திருந்தால், அதன் மையில் தொழிற்சாலை மருந்து கலந்து விளையாடியிருக்க முடியாது.

இன்னொரு ஆட்சேபம் அழகியல் சார்ந்தது. மரமல்லாததை மரமாகவும் கல்லல்லாததைக் கல்லாகவும் காட்டுவது போலி என்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. மொசைக்கே பளிங்குப் பலகை வாங்க முடியாதவருக்குப் பளிங்குச் சில்லு. சிமெண்டு ஓட்டின் பூக்கள் பலவும் ஐரோப்பியப் பட்டியல்களிலிருந்து வந்தவை. சுதேசி உணர்வில் 1922இல் பம்பாயில் தொடங்கிய பாரத் டைல்ஸும் அந்த மரபில்தான் வளர்ந்தது. போலி செய்தல் தரைத் தொழிலின் ஆதிகாலப் பழக்கம். அதற்காக வினைலை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது சரியல்ல. சிமெண்டு ஓட்டிலும் நிற அடுக்கும் தாங்கும் அடுக்கும் வேறு வேறுதானே, பிரிவு அங்கேயே தொடங்கிவிட்டதல்லவா என்பது இதைவிட வலுவான கேள்வி. தொடங்கியது உண்மை. ஆனால் அங்கே நிற அடுக்கேதான் தேயும் அடுக்கு. ஆத்தங்குடி ஓட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைப்பவர் பூவையே துடைக்கிறார். வினைல் தரையைத் துடைப்பவர் பூவைத் தொடுவதே இல்லை.

இந்தக் கதை தமிழ்நாட்டுக்கு வெளியே மட்டும் நடந்ததல்ல. சேலம் மாவட்டம் மேட்டூரில் கெமிக்கல்ஸ் அண்ட் பிளாஸ்டிக்ஸ் இந்தியா நிறுவனம் 1967இல் பி.வி.சி. தயாரிக்கத் தொடங்கியபோது, தொழில்நுட்பக் கூட்டாளியாக வந்தது செமன் வேலை பார்த்த அதே குட்ரிச். பி.வி.சி.யின் எடையில் பாதிக்கும் மேல், சுமார் 57 சதவீதம், குளோரின். அதன் மூலம் சாதாரண உப்பு. மீதிக்கு வேண்டிய எத்திலீனைச் சர்க்கரை ஆலைகளின் மொலாசஸிலிருந்து வடித்த ஆல்கஹால் வழியாக எடுத்தார்கள். காவிரிக் கரையில் உப்பும் கரும்பும் பிளாஸ்டிக்காக மாறின என்றால் மிகையில்லை. கதீட்ரல் சாலையிலிருந்து இயங்கும் சன்மார் குழுமத்தின் கெம்ப்ளாஸ்ட்டாக வளர்ந்த அந்த நிறுவனத்தின் முக்கிய உற்பத்திகளில் ஒன்று பேஸ்ட் பி.வி.சி. ரெசின். பிளாஸ்டிசைசரோடு கலந்தால் தோசை மாவு போல் ஊற்றிப் பரப்பக்கூடிய குழம்பாகும் வகை அது; நேர்னின் நுரை அடுக்குக்கும் தெளிந்த படலத்துக்கும் வேண்டிய ரெசின் அதுவே. 1955இல் திறக்கப்பட்ட பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் பெட்டிகளிலும், ஒட்டுப்பலகையின் மேல் பி.வி.சி. விரிப்பைத்தான் பல ஆண்டுகளாகக் கோடிக்கணக்கான பயணிகள் மிதிக்கிறார்கள். வினைல் தரை சென்னைக்கு அந்நியச் சரக்கு அல்ல.

அடுக்குகளாகப் பிரித்ததன் விலையும் உண்டு. தரையைப் பிரித்தால் பொறுப்பும் பிரிகிறது. மேலே தெரியும் அடுக்கின் அழகு, கீழே தெரியாத அடுக்கின் குணத்தை மறைத்துவிடுகிறது. இதற்கு ஆஸ்பெஸ்டாஸைவிடப் பெரிய சான்று தேவையில்லை. ஓட்டின் உடலுக்கு வலுவூட்டவும், விரிப்பின் அடித்தாளாகவும் தொழில் முழுவதும் அந்த நாரைத்தான் நம்பியது. அசையாமல் கிடக்கும்வரை அதன் ஆபத்து குறைவு. பெயர்க்கும்போதும் சுரண்டும்போதும் தூசியாகி நுரையீரலுக்குள் போகிறது. வழக்காடிய இரண்டு நிறுவனங்களும் கடைசியில் ஆஸ்பெஸ்டாஸ் இழப்பீட்டுச் சுமையால் திவால் பாதுகாப்புக் கோரின: ஆம்ஸ்ட்ராங் 2000 டிசம்பரில், கன்கோலியம் 2003 டிசம்பரில். பூவுக்கு யார் உரிமையாளர் என்று கோடிகளில் சண்டையிட்டவர்களைக் கீழடுக்கு சாய்த்தது. இன்று கண்ணாடியிழை அந்த இடத்துக்கு வந்துவிட்டது. நிலைப்படுத்தியாக இருந்த ஈயத்துக்குப் பதில் கால்சியம்-துத்தநாகச் சேர்மங்கள் வந்திருக்கின்றன. பிளாஸ்டிசைசர்களில் சில தாலேட்டுகள் உடல்நலக் காரணங்களால் பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டுள்ளன. ஆனாலும் ஒன்றோடொன்று உருகி ஒட்டிய பல அடுக்குகளைப் பிரித்து மறுசுழற்சி செய்வது, ஒரே பொருளாலான தரையைவிட எப்போதும் கடினம். இந்தக் குறையை எந்த விளம்பரமும் மறைக்கக் கூடாது.

பிரிவு எங்கும் பொருந்தும் விதி அல்ல என்பதைத் தொழிலே ஒப்புக்கொண்டிருக்கிறது. மருத்துவமனை அறுவை அரங்குகளில் இடும் வினைல், அடி முதல் முடி வரை ஒரே நிறம் ஓடும் இரண்டு மில்லிமீட்டர்த் தகடு. இணைப்புகளைச் சூடான வினைல் கம்பியால் உருக்கிப் பற்றவைக்கிறார்கள். சுவரோரம் மூலையில்லாமல் வளைத்து ஏற்றுகிறார்கள். மின்னேற்றம் தேங்கக் கூடாத அறையில் ஓட்டின் அடியில் செப்புப் பட்டை ஓடுகிறது. அழுக்குக்கு இடுக்கு இல்லை, கீறினாலும் நிறம் மாறாது, தேய்த்து மெருகேற்றலாம். கடுமையான தேய்மானமும் பராமரிப்பும் முதன்மையாகும் இடத்தில் பொறியாளர் மறுபடி ஆழமான பூவுக்கே திரும்புகிறார், அல்லது பூவையே கைவிடுகிறார். வால்டன் இன்லேய்டு லினோலியத்துக்குத் திரும்பியதும் இதே காரணத்தால்தான்.

சென்னை வீட்டுக்கு எது பொருந்தும்? விற்பவர் இங்கே மொத்தத் தடிமனைத்தான் முன்வைக்கிறார்: 2 எம்.எம்., 3 எம்.எம்., 5 எம்.எம். இதுவரை சொன்னது சரியென்றால் அந்த எண்ணால் தரையின் ஆயுளைச் சொல்ல முடியாது. பூவின் மேல் இருக்கும் தெளிந்த படலம் 0.2 மில்லிமீட்டரா 0.5 மில்லிமீட்டரா என்பதே ஆயுள். ஐந்து மில்லிமீட்டர்ப் பலகையில் 0.2 படலம் இருக்கலாம், இரண்டு மில்லிமீட்டர் ஓட்டில் 0.5 இருக்கலாம். படலம் தீர்ந்த இடத்தில் பூ சில மாதங்களில் போய்விடும். மொசைக்கைப் போல் கீழிருந்து இன்னொன்று வராது, எந்தப் பாலீஷ் மெஷினாலும் கொண்டுவர முடியாது. இந்த ஊரின் ஈரம் வேறு தனி எதிரி. தரைத்தளத்தில் மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தைச் சிமெண்டும் மொசைக்கும் மூச்சுவிட்டு வெளியேற்றும். வினைல் அதை அடைத்துவிடும், அடைபட்ட ஈரம் பசையைக் கரைக்கும். வினைல் இடுவதற்கான இந்திய நடைமுறை விதி ஐ.எஸ். 5318, அடித்தரை உலர்ந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பக்கம் தண்ணீர் புகுந்த வீடுகளில் மொசைக்கைக் கழுவி விட்டாலே போதுமாக இருந்தது. பசையால் ஒட்டிய தரைக்குள் வெள்ளம் புகுந்தால் கழுவித் தீராது.

ஆகவே, மாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்துகொண்டு பத்தாண்டுக்கு அழகான, காலுக்கு இதமான தரை வேண்டுமென்றால் வினைல் நல்ல தேர்வு, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆற்றங்கரைத் தரைத்தளத்தில் சொந்த வீட்டுக்கு அது தவறான தேர்வு. பழைய மொசைக் இருந்தால், அதை மூடுமுன் ஒரு பாலீஷ்காரரை அழைத்து ஒரு மூலையில் தேய்த்துப் பார்க்கச் சொல்லலாம். வினைல்தான் என்று முடிவு செய்பவர், மேலடுக்கின் தடிமனை மில்லிமீட்டரில் ரசீதிலேயே எழுதித் தரச் சொல்ல வேண்டும். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். அரசுக் கட்டடங்களுக்கான ஒப்பந்தப் புள்ளிகளிலும் மொத்தத் தடிமனோடு இந்த எண்ணையும் தனியாகக் கேட்க வேண்டும்.